மூன்றாவதாக வந்தவரின் நேரம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். எழுத்தாளர் ஆவதற்கு முன்பு நீங்கள் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பிரிவில் வேலை பார்த்ததாக ஒரு பதிவில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

பட்டப்படிப்பு முடித்துவிட்டேன். மூன்று ஆண்டுகளாக இணையத்தில் கிரிக்கெட், கால்பந்து, தடகளம் பற்றி அலசல் கட்டுரைகள் எழுதிவருகிறேன். ஓரளவு வாசகர்களும் இருக்கிறார்கள். விளையாட்டு ஆசிரியர் ஆக வேண்டும் என்பதே என் இலக்கு. இப்போது ஒரு நாளிதழில் பயிற்சி உதவி ஆசிரியர் பணி கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். ஆனால் என்ன வேலை என்று விசாரித்ததும் சோர்ந்துவிட்டேன். செய்தி நிறுவனங்கள் அனுப்புவதைச் சுருக்குவது, மொழிபெயர்ப்பது, ஸ்கோர் அட்டை போடுவது, போட்டி முடிவுகளைத் தொகுப்பது, மெய்ப்புப் பார்ப்பது. குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு என் பெயரில் எதுவும் வராதாம். 'குமாஸ்தா வேலைக்கா போகப்போகிறாய்?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஸ்கோரை எல்லோரும் கைபேசியில் பார்த்துவிடுகிறார்களே!

இதில் சேரலாமா, அல்லது தனியாக எழுதிப் பெயர் வாங்கி நேராக ஆசிரியர் பொறுப்புக்கு முயலலாமா? இதழியல் படிப்பு தேவையா? எந்த விளையாட்டையும் முறையாக ஆடியிராத ஒருவன் விளையாட்டு ஆசிரியர் ஆக முடியுமா? செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இந்த வேலை நிலைக்குமா? என் கட்டுரைகள் மூன்றை இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் பாருங்கள்.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

சேருங்கள். உங்கள் கடிதத்தில் 'குமாஸ்தா வேலை' என்ற சொல் மட்டும் இல்லாதிருந்தால் இத்தோடு பதிலை முடித்திருப்பேன்.

சில வாரங்களாகவே ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. விளையாட்டுப் பக்கங்களிலிருந்து 'முடிவுகள்' பகுதி மெல்ல மெல்லக் காணாமல் போகிறது. முன்பெல்லாம் பக்கத்தின் ஓரத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய சின்ன எழுத்தில், அன்று நடந்தவை எல்லாம் இருக்கும். டென்னிஸ் முதல் சுற்று, இளையோர் தடகளம், செஸ் ஆறாவது சுற்று, இரண்டாம் நிலைக் கால்பந்துத் தொடரின் புள்ளிப் பட்டியல். இப்போது அந்த இடத்தில் நட்சத்திர வீரர் ஒருவர் கையை உயர்த்தி நிற்கும் படம். முழு ஸ்கோர் அட்டை இருந்த இடத்தில் 'அதிகபட்சமாக இவர் 64 ரன் எடுத்தார்' என்று ஒரே ஒரு வரி. மற்ற பத்துப் பேர் என்ன ஆனார்கள்? இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. அந்தப் பகுதியைத் தயாரிக்கும் வேலையே உங்களுக்கு இழிவாகத் தெரிகிறது. படித்ததும் கோபம் வந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

மற்ற கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். இதழியல் படிப்பு வாசல் வரை கொண்டுபோய் விடும். அவதூறு வழக்கு பற்றிய சட்டத்தை அங்கே ஒழுங்காகச் சொல்லித்தருகிறார்கள் என்றால் அதற்காகவே படிக்கலாம். படிக்காததால் யாரும் கெட்டுப்போனதில்லை. ஆடிய அனுபவம் இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டால் ஆடுகளத்தின் ஓரத்தில் போய் நில்லுங்கள், உங்களுக்குத் துளியும் தெரியாத ஒரு விளையாட்டாகப் பார்த்து. தொலைக்காட்சியில் மட்டுமே ஹாக்கி பார்த்தவருக்குப் பந்தின் வேகம் தெரியாது. கோடு போட்ட தடத்தின் அருகே நிற்காதவருக்கு நானூறு மீட்டர் ஓடி முடித்தவரின் மூச்சு எப்படி இருக்கும் என்று தெரியாது. அவ்வளவுதான் அதில் சொல்ல இருக்கிறது.

இயந்திரம் பற்றிய கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். 2023 உங்களைப் பயமுறுத்தியிருந்தால் அதில் நியாயம் உண்டு. அந்த ஜூலையில்தான் நியூயார்க் டைம்ஸ் தன் விளையாட்டுப் பிரிவையே கலைப்பதாக அறிவித்தது. 2022 ஜனவரியில் 55 கோடி டாலர் கொடுத்து வாங்கிய 'தி அத்லெட்டிக்' தளத்திடம் அந்த வேலையை ஒப்படைத்தது. அடுத்த மாதமே இன்னொன்றும் நடந்தது. கானெட் என்ற பெரிய அமெரிக்கப் பத்திரிகை நிறுவனம் பள்ளிகளுக்கிடையிலான போட்டிச் செய்திகளை இயந்திரத்தை வைத்து எழுதிவந்தது. வெறும் ஸ்கோரைக் கொடுத்தால் அது பத்தியாக்கித் தரும். ஆடிய பிள்ளைகளின் பெயர் அதில் வரவில்லை. அணியின் அடையாளப் பெயர் வர வேண்டிய இடத்தில் நிரப்பப்படாத அடைப்புக்குறி அப்படியே வெளியானது. ஊர் முழுக்கச் சிரித்த பிறகு அதை நிறுத்திவைத்தார்கள். இதில் எனக்குச் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்தப் பத்தியைப் பிரசுரத்துக்கு முன்பு ஒரு மனிதக் கண் கூடப் படிக்கவில்லையே என்பதுதான் எனக்கு உறைத்தது. நாளை இயந்திரம் பெயர்களையும் போடும், அடைப்புக்குறியை ஒழுங்காக நிரப்பும். அப்போதும் அது சரியா என்று பார்க்க ஒருவர் வேண்டும். நீங்கள் குமாஸ்தா வேலை என்று சொல்வது அந்த ஒருவரின் வேலையைத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் ஒரு மூத்தவர் இருந்தார். பெரிய எழுத்தாளர் இல்லை. அவர் பெயரில் வந்த கட்டுரை எதையும் நான் பார்த்ததில்லை. அவர் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் கூட்டல். ஸ்கோர் அட்டையைக் கையில் கொடுத்து, மொத்தத்தை விரலால் மறைத்துக்கொண்டு, 'கூட்டிச் சொல்' என்பார். பதினொரு பேரின் ரன்களோடு உதிரி ரன்களையும் சேர்த்தால் அணியின் மொத்தம் வர வேண்டும். அது வந்துவிட்டால் விடமாட்டார். பந்து வீசியவர்கள் கொடுத்த ரன்களைக் கூட்டு, அதோடு பை, லெக் பை (பந்து மட்டையில் படாமல் எடுத்த) ரன்களைச் சேர், அதே மொத்தம் வருகிறதா பார் என்பார். அகலப் பந்தும் நோ பாலும் வீசியவர் கணக்கில் ஏற்கெனவே போய்விட்டன. அவற்றை இரண்டாம் முறை சேர்த்துவிடாதே என்று எச்சரிப்பார். வீசியவர்கள் எடுத்த விக்கெட்டுகளோடு ரன் அவுட்டைச் சேர்த்தால் விழுந்த விக்கெட்டுகள் வர வேண்டும். ஓவர்களைக் கூட்டினால் இன்னிங்ஸின் ஓவர் வர வேண்டும். இந்த நான்கு கூட்டலில் ஒன்று பிசகினாலும் செய்தி நிறுவனம் அனுப்பியதில் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள். நான் வேலை பார்த்த காலத்தில் அது அடிக்கடி பிசகியது. உலகத்தின் பெரிய செய்தி நிறுவனங்கள் அனுப்பியவைதான் அவை.

கால்பந்துப் புள்ளிப் பட்டியலையும் அவர் இப்படித்தான் சோதிப்பார். ஒரு தொடரில் எல்லா அணிகளும் அடித்த கோல்களின் கூட்டுத்தொகையும் எல்லா அணிகளும் வாங்கிய கோல்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். வெற்றிகளும் தோல்விகளும் சமமாக இருக்கும். சமனில் முடிந்தவற்றைக் கூட்டினால் இரட்டை எண் வரும். கோல் வித்தியாசங்களை எல்லாம் கூட்டினால் பூஜ்யம். இரவு பதினொரு மணிக்கு, அச்சுக்கூடம் பக்கத்தைக் கேட்டு நச்சரிக்கும்போது, பென்சிலால் இருபது அணிகளின் கோல்களைக் கூட்டிக்கொண்டிருப்பார் அந்த மனிதர். பூஜ்யம் வந்ததும் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். டென்னிஸில் 7-6 என்ற செட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எண் இருக்குமே, அது 6-6 என்று சமனான செட்டை முடிக்க ஆடும் டை பிரேக்கில் தோற்றவர் எடுத்த புள்ளி. அதை வென்றவரின் புள்ளி என்று நினைத்துக்கொண்டு எழுதிய ஒருவரின் செய்தியைக் கிழித்தே போட்டார்.

இதெல்லாம் எதற்கு என்று எனக்கும் அப்போது தோன்றியது. பின்னால் நான் நூலகப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் ஒரு பெண்மணி அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். பழைய இதழ்களின் கட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றார். பள்ளி நாட்களில் ஓர் இளையோர் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்திருக்கிறார். சான்றிதழ் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. அவருடைய மகள் ஓடத் தொடங்கியிருக்கிறாள். அம்மாவும் ஓடியவள் என்பதை அவள் நம்பவில்லையாம். கட்டை எடுத்துத் தேடினோம். முடிவுகள் பகுதியில், சின்ன எழுத்தில், அது இருந்தது. முதலிடம் 2:11.8. இரண்டாமிடம் 2:12.6. மூன்றாமிடத்தில் அவருடைய பெயர், அதற்குப் பக்கத்தில் 2:41.1.

அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'இது 2:14.1 ஐயா. அப்போதே பத்திரிகைக்குக் கடிதம் போட்டேன். திருத்தம் வரவில்லை.'

இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. அதை அச்சுப் பிழை என்று சொல்லிக் கடந்துவிடலாம், எல்லோரும் அப்படித்தான் கடந்தார்கள். ஆனால் அந்த மூன்று வரிகளையும் அன்றிரவு யாராவது ஒருவர் மனம் வைத்துப் படித்திருந்தால் நிச்சயம் நின்றிருப்பார். முதல் இருவருக்கும் இடையே ஒரு நொடி கூட இல்லை. மூன்றாவது பெண் இருபத்தொன்பது நொடி கழித்து வந்தாளா? அப்படியானால் முதல் பெண் கோட்டைத் தொட்டபோது இவள் நூற்று நாற்பது மீட்டருக்கும் பின்னால் இருந்திருக்க வேண்டும். பதக்கம் வாங்கிய ஓட்டத்தில் அப்படி நடக்குமா? நடக்கலாம். ஆனால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அந்தச் சந்தேகம் யாருக்கும் வரவில்லை, ஏனென்றால் அது சின்ன எழுத்து. பெரிய எழுத்தில் இருந்த கிரிக்கெட் செய்தியை மூன்று பேர் படித்திருப்பார்கள்.

அவர் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டார். நான் நகலில் திருத்தி எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பேனாவால் எழுதியதை மகள் நம்பமாட்டாள் என்றார். எஸ்., ஒரு மனிதரின் வாழ்க்கையில் அச்சில் வந்த ஒரே ஒரு வரி அது. அதைத் தவறாகப் போட்டதும் போதாமல், திருத்தமும் போடவில்லை. இதைத்தான் குமாஸ்தா வேலை என்கிறீர்கள்.

பெரிய மேடைக்கு வருவோம். 1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். மொராக்கோவின் நவால் எல் முத்தவாகில் தங்கம். வெண்கலம் ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாருவுக்கு, 55.41 நொடி. நான்காவது பி.டி. உஷா, 55.42. இந்தியத் தடகளத்தின் மிகப் பெரிய துயரம் புள்ளிக்கு வலப்பக்கம் இரண்டாவது இலக்கத்தில் இருக்கிறது. அந்த இலக்கத்தைச் சோம்பலில் விட்டுவிட்டு, இருவருக்கும் 55.4 என்று போட்டிருந்தால் செய்தியே இல்லை.

இன்னொன்று சொல்கிறேன். 1988 செப்டம்பர் 24, சியோல், ஆண்கள் 100 மீட்டர். பென் ஜான்சன் 9.79 நொடியில் ஓடினார். உலகமே அந்தப் படத்தைப் போட்டது. மூன்றாம் நாள் ஊக்கமருந்து பிடிபட்டுப் பதக்கம் போயிற்று. கார்ல் லூயிஸுக்குத் தங்கம், லின்ஃபர்ட் கிறிஸ்டிக்கு வெள்ளி, நான்காவதாக 9.99 நொடியில் ஓடிவந்த கால்வின் ஸ்மித்துக்கு வெண்கலம். முதல் மூன்று பேரோடு நிறுத்திக்கொண்ட பத்திரிகை எதுவாக இருந்தாலும் அதன் அன்றைய பக்கத்தில் அந்த வெண்கலக்காரர் இல்லவே இல்லை. எட்டுப் பேரின் நேரத்தையும் போட்ட பத்திரிகையில் இருக்கிறார். எட்டு வரி போட எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு கட்டைவிரல் அகலம் போதும்.

நேரத்துக்குப் பக்கத்தில் காற்றளவு என்று ஒன்று இருக்கும், அதையும் விடாதீர்கள். வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் 100 மீட்டர் சாதனை கணக்கில் வராது. 1988 ஜூலை 16 அன்று இண்டியானாபொலிஸில் அமெரிக்காவின் புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் பெண்கள் 100 மீட்டரை 10.49 நொடியில் ஓடியபோது காற்றளவு 0.0 என்று பதிவானது. அதே நேரத்தில் அருகே நடந்த மும்முறைத் தாண்டலில் காற்று வினாடிக்கு 4.3 மீட்டர். சாதனை இன்றுவரை ஏட்டில் இருக்கிறது. அந்தப் பூஜ்யம் பற்றிய விவாதமும் இன்றுவரை ஓயவில்லை. 10.49 என்ற எண் அன்று எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். பக்கத்திலிருந்த பூஜ்யத்தைப் பார்த்து நின்றவர்தான் விளையாட்டுப் பிரிவில் உட்காரத் தகுந்தவர்.

இப்போது உங்கள் கட்டுரைகள். அணிகளின் துரதிர்ஷ்டம் பற்றிய முதல் கட்டுரையில், 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் மழைக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவுக்கு 'ஒரு பந்தில் 22 ரன்' தேவைப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணீர் வரும்படி எழுதியிருக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? இங்கிலாந்து 45 ஓவரில் 252. இலக்கு 253. மழை வந்தபோது தென்னாப்பிரிக்கா 231 ரன், 13 பந்து மீதம். 22 ரன் தேவை என்பது அந்தக் கட்டத்தில் சரி. பிறகு இரண்டு ஓவர்களை வெட்டினார்கள். எதிரணி குறைவாக ரன் எடுத்த ஓவர்களை வைத்து இலக்கைக் குறைப்பது அன்றைய விதி. குறைந்தது ஒரே ஒரு ரன். ஆக இலக்கு 252, தேவை 21. மைதானத்தின் மின்பலகை 22 என்று தவறாகக் காட்டியது. அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. இத்தனை ஆண்டு கழித்து உங்கள் கட்டுரைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. சரிபார்க்க ஒரு வழி இருந்தது. பிரையன் மெக்மிலன் கடைசிப் பந்தில் ஒரு ரன் எடுத்தார், 232. தென்னாப்பிரிக்கா 19 ரன்னில் தோற்றது. 232-உடன் 19-ஐக் கூட்டுங்கள், 251 வரும். வெல்ல 252. எல்லாம் ஸ்கோர் அட்டையிலேயே இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் நினைவிலிருந்தும் படத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அநியாயத்துக்கு 21 போதாதா? நீங்கள் எழுதிய கண்ணீர் முழுவதும் 21-லேயே இருக்கிறது. 22 என்று போட்டதும், விவரம் தெரிந்த வாசகர் அந்த இடத்தில் கட்டுரையை மூடிவிடுவார். உங்கள் மற்ற வாக்கியங்களையும் அதற்குப் பிறகு நம்பமாட்டார்.

தனியாக உட்கார்ந்து எழுதுகிற வரை இதை உங்களுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. வாசகர்கள் இதயக்குறி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஓர் அலுவலகத்தில், எதிர் இருக்கையில், உங்கள் எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு 'கூட்டிச் சொல்' என்று கேட்கிற ஒருவர் உங்களுக்கு வேண்டும். அவருக்காகவே போய்ச் சேருங்கள் என்கிறேன். அப்படி ஒருவர் அங்கே இல்லாமலும் போகலாம், இப்போதெல்லாம் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் நீங்களே அந்த ஆளாகிவிடுங்கள்.

விதிப்புத்தகத்தையும் இதே வெறியோடு படியுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் 50 கிலோ பிரிவு இறுதிப் போட்டிக்குப் போய், மறுநாள் காலை 100 கிராம் எடை கூடியதால் தகுதி இழந்தார். நாடே கேட்ட கேள்வி ஒன்றுதான்: அரையிறுதியில் வென்றவருக்கு வெள்ளியாவது தரக்கூடாதா? அன்றைய மல்யுத்த விதிப்படி, இரண்டாம் நாள் எடையில் தவறினால் முழுப் போட்டியிலிருந்தும் நீக்கப்பட்டு, தரவரிசை இல்லாமல் கடைசி இடத்துக்குத் தள்ளப்படுவார். அரையிறுதியில் அவரிடம் தோற்ற கியூப வீராங்கனை இறுதியில் ஆடியதும் அதனால்தான். இந்த விளக்கத்துக்கு ஐந்து வரி போதும். அது அன்று முதல் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். நான் பார்த்த பல பக்கங்களில் உடைந்த இதயப் படங்கள் இருந்தன, சதித் திட்ட ஊகங்கள் இருந்தன, அந்த ஐந்து வரியைத் தேட வேண்டியிருந்தது. விதி கொடூரமானது என்று எழுதுங்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் விதி என்ன என்று முதலில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

இன்னொரு விஷயத்தில் உங்களை முன்கூட்டியே கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. ஓர் ஓட்டக்காரியின் உடலைப் பற்றிய மருத்துவ விவரம் தலைப்புச் செய்தியாக உலகம் சுற்றியது. அந்தத் தலைப்புகளை எழுதியவர்கள் தீயவர்கள் அல்ல. என்னைப் போல, நாளை உங்களைப் போல, இரவில் பக்கம் முடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தவர்கள். அப்படி ஒரு செய்தி ஒருநாள் உங்கள் மேசைக்கும் வரும். ஊக்கமருந்துச் செய்தியாக இருக்கலாம். முதல் மாதிரி மட்டும் சோதிக்கப்பட்டிருக்கும், இரண்டாவது மாதிரி பாக்கி இருக்கும், தற்காலிகத் தடை மட்டும் வந்திருக்கும். உங்கள் கை 'மோசடி' என்ற சொல்லை நோக்கிப் போகும், அது தலைப்பு இடத்துக்குச் சரியாகப் பொருந்தவும் செய்யும். அந்த நேரத்தில் கையை நிறுத்தும் பழக்கம் திடீரென்று வருவதில்லை. 2:41 என்ற எண்ணைப் பார்த்து நின்ற கண்ணுக்குத்தான் அது வரும். பெயர் தெரியாத மூன்றாமிடத்துக்காரிக்கு மரியாதை கொடுக்கப் பழகாதவர், பெயர் பெற்றவர் வீழும்போது மரியாதை கொடுப்பார் என்று நான் நம்பவில்லை.

நேராக ஆசிரியர் பொறுப்புக்கு முயலலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுரை எழுதி எழுதி நல்ல கட்டுரையாளர் ஆகலாம். ஆசிரியர் வேறு ஆள். ஆட்டம் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும், வெளியூர்ப் பதிப்பு அச்சுக்குப் போக வேண்டும். எந்த அணி வென்றாலும் போடும்படி இரண்டு முகப்புப் பத்திகளை எழுதி வைத்திருப்பார். பக்கத்தில் ஒரே ஒரு படத்துக்கு இடம் இருக்கும். வென்ற பெண்கள் அணியா, தோற்ற ஆண்கள் அணியா என்று முடிவெடுப்பார், அந்த முடிவுக்கு மறுநாள் பதிலும் சொல்வார். ஒரே வெளிநாட்டு வீரரின் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் வேறுவேறாக எழுதும் பத்துப் பேரை ஒரே எழுத்துக்குக் கொண்டுவருவார். நிருபர் அழகாக எழுதிய பத்தியை, ஆட்டத்தின் முடிவு ஏழாவது வரியில்தான் வருகிறது என்பதற்காக வெட்டுவார், அந்த நிருபர் இரண்டு நாள் பேசமாட்டார். இவ்வளவையும் தன் பெயர் எங்கும் இல்லாமல் செய்வார். இரண்டு ஆண்டு பெயர் வராது என்று வருந்துகிறீர்களே, நீங்கள் விரும்பும் பதவியிலும் பெரும்பாலான நாட்களில் பெயர் வராது. அது பிடிக்கவில்லை என்றால் கட்டுரையாளராகவே இருங்கள், அதிலும் குறைவில்லை. எனக்கும் கடைசியில் அதுதான் ஒத்துவந்தது. ஆனால் நான் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் இன்றும் ஒரு விரல் வந்து மறைத்துக்கொள்கிறது, அதற்கு அந்த மேசைதான் காரணம்.

உங்கள் இரண்டாவது கட்டுரை சுமார். பத்து நாளில் மறந்துவிடும்படியான கருத்து, நிறைய உரிச்சொற்கள். மூன்றாவது, மாற்று கோல்காப்பாளர் பற்றியது, எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பருவம் முழுக்க ஆடாமல் உட்கார்ந்திருப்பவர் பயிற்சியில் என்ன செய்கிறார் என்று போய்ப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். யாரும் கவனிக்காத ஒருவரைக் கவனிக்கும் கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நேரம் திட்டினேன்.

முதல் தேதி போய்ச் சேருங்கள். அதற்கு முன்பு 22-ஐ 21 ஆக்கி, திருத்தம் செய்ததைக் கட்டுரையின் கீழே வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். கோல்காப்பாளர் கட்டுரையில் அவருடைய பெயர் இரண்டாம் பத்தியில் ஒரு விதமாகவும் ஆறாம் பத்தியில் வேறு விதமாகவும் இருக்கிறது. எது சரி என்று அவரிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள்.